பூட்டிய அலுமாரியும் திறப்பு வைத்திருப்போரும்

ஆண்டுதோறும் ஜூன் முதலாந் திகதி வந்ததும் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை நாம் நினைவுகூருகின்றோம். 1981ஆம் ஆண்டு மே மாதத்தின் கடைசி இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அக்குற்றத்தை மறப்பதற்கு எமக்கு உரிமையில்லை. கூட்டங்களிற் பேசுகின்றோம், கவிதை பாடுகின்றோம், பத்திரிகைகளில் எழுதுகின்றோம். இவையெல்லாம் தக்கனவே. ஆயினும், அக்கூட்டத்திற் கலந்துகொண்டு மறுநாட் காலை கடமைக்குச் செல்லும் ஆசிரியர் தமது பாடசாலையின் நூலக அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தல் நன்று. அங்கே நெருப்பு இல்லை, புகை இல்லை. கண்ணாடிக் கதவிட்ட அலுமாரிகளில் நூல்கள் வரிசையாக நிற்கின்றன. அலுமாரிகள் பூட்டப்பட்டிருக்கின்றன. திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள் இருக்கின்றது.

எரிப்பதும் பூட்டி வைப்பதும் ஒன்றென நான் கூறவரவில்லை. முன்னையது ஓர் இனத்தின் அறிவுச் செல்வத்தின் மீது திட்டமிட்டு நிகழ்த்தப்பட்ட கொடுஞ்செயல். பின்னையது சோம்பலும் அச்சமும் சேர்ந்து வளர்த்த வழக்கம். எனினும், ஒன்பதாந் தரத்திற் படிக்கும் ஒரு பிள்ளையின் பக்கம் நின்று நோக்குவோமானால், எரிந்த நூலும் அவள் கைக்கு எட்டாத நூலே. பூட்டிய நூலும் அவள் கைக்கு எட்டாத நூலே. எரித்தவனைத் தண்டிப்பதற்கு எம்மிடம் அதிகாரமில்லை. பூட்டைத் திறப்பதற்கு அதிகாரம் உண்டு. அதனை நாம் பயன்படுத்தாமல் இருப்பதோடு, பயன்படுத்த முன்வருவோரைப் பரிகசித்தும் தண்டித்தும் வருகின்றோம் என்பதே இக்கட்டுரையின் முறைப்பாடு.

பயன்படுத்த முன்வருவோர் யார்? நூலகப் பொறுப்பை ஏற்ற ஆசிரியர்களுட் சிலர். நூல்களை எண்ணிக் காப்பதோடு தம் கடமை முடிந்ததெனக் கருதாதவர்கள். புதிதாக வெளிவரும் நூல்களைத் தேடிச் செல்பவர்கள். எழுத்தாளரைச் சந்தித்து உரையாடுவதிற் பெருவிருப்புடையவர்கள். தாம் வாசித்து மகிழ்ந்ததை மாணவருக்குக் கொடாமல் உறங்க முடியாதவர்கள். இத்தகையோரின் ஆர்வத்தை ஆசிரியர் அறைகளிலே சிலர் பொழுதுபோக்கு என்கின்றனர். வேறு சிலர் பைத்தியம் என்கின்றனர். அதனை ஒரு சமுதாயக் கடமையென நான் கருதுகின்றேன்.

முதலில் அம்மாணவரின் வயதைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். சிறு பிள்ளைகளுக்கு எம்மிடம் பாட்டு உண்டு. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிவைத்துச் சென்றார். ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அவற்றைச் சொல்லியே நா வளைந்தனர். வளர்ந்தோர்க்கு நாவலும் சிறுகதையும் கவிதையும் உண்டு. பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையே நிற்பவருக்கு என்ன உண்டு? சுகாதாரப் பாடநூல் அவ்வயதைக் கட்டிளமைப் பருவம் எனப் பெயரிட்டு, அதன் இயல்புகளை இலக்கமிட்டுத் தருகின்றது. மாணவர் அவற்றை மனனஞ் செய்து புள்ளி பெறுகின்றனர். தம்மைப் பற்றித்தான் அப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றது என்பதை அவர்களில் எத்தனை பேர் உணர்கின்றனர்?

அந்த வயதிலேதான் ஏழை வீட்டுப் பையன் பாடசாலையை விட்டுக் கூலிவேலைக்குப் போவதா என்று தீர்மானிக்கின்றான். 2016ஆம் ஆண்டிலே கட்டாயக் கல்வி வயதெல்லை பதினாறாக உயர்த்தப்பட்டது. சட்டத்தால் உயர்ந்த எல்லை வீட்டு வறுமையால் நாள்தோறும் தாழ்கின்றது. அந்த வயதிலேதான் பெண்பிள்ளை தன்மீது விழும் கட்டுப்பாடுகளின் காரணத்தைக் கேட்கத் தொடங்குகின்றாள். தன் சாதியின் பெயர் ஏன் மெல்லிய குரலிலே சொல்லப்படுகின்றது என்பதும், தந்தையின் குடியும் தாயின் மௌனமும் தன் வீட்டுக்கு மட்டும் உரியனவா என்பதும் அவ்வயதின் கேள்விகள். இவற்றைப் பெற்றோரிடம் கேட்க முடியாது; பாடவேளையிற் கேட்க நேரமில்லை. ஒரு நல்ல கதைநூல் இக்கேள்விகளுக்கு விடை தருகின்றதோ இல்லையோ, இவற்றைத் தான் ஒருவன் மட்டும் கேட்கவில்லை என்ற துணிவைத் தருகின்றது. அத்துணிவு சிறிய காரியமன்று.

பிற நாட்டார் இதனை எப்போதோ உணர்ந்தனர். அமெரிக்க நூலகர் சங்கம் 1957இலேயே இளவயதினருக்கான நூலகப் பணிக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தது. ஒக்லஹோமா மாநிலத்து எஸ். ஈ. ஹின்டன் என்னும் மாணவி, தன் வயதினரின் உண்மையான வாழ்வைக் கூறும் கதைகள் இல்லையே என்ற மனக்குறையால் தானே ஒரு நாவலை எழுதத் தொடங்கினார். ‘அவுட்சைடர்ஸ்’ என்னும் அந்நாவல் 1967இல் வெளிவந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. எமது நாட்டிலேயே மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் ‘மடோல் தூவ’ நாவலைச் சிங்களத்தில் எழுதினார். உபாலி என்னும் குறும்புக்காரச் சிறுவனும் அவன் தோழன் ஜின்னாவும் வீட்டைவிட்டோடி ஒரு தீவிலே தம் உழைப்பால் வாழ்ந்து காட்டும் கதை அது. சிங்கள மாணவர் தலைமுறைகள் அதனை வாசித்தே வளர்ந்தன. தமிழ் மாணவரின் கையில் அவ்வயதிலே இருப்பது என்ன? கடந்தகால வினாத்தாட் தொகுப்பும் தனியார் கல்வி நிலையத்துக் குறிப்புக் கொப்பியுமே.

எனக்குத் தெரிந்த நூலகப் பொறுப்பாசிரியை ஒருவரின் செயலை இங்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். விடுமுறை நாட்களில் எங்கே நூல் வெளியீடு நடந்தாலும் அவர் பஸ்ஸேறிச் செல்வார். கூட்டம் முடிந்ததும் எழுத்தாளரை அணுகி, உங்கள் கதைகளிற் பதினான்கு வயதுப் பிள்ளை வாசிக்கத்தக்கது எது என்று கேட்பார். சில எழுத்தாளர் மகிழ்ந்தனர். சிலர் அக்கேள்வியைத் தம் கௌரவத்துக்குக் குறைவெனக் கருதி முகஞ்சுளித்தனர். அவர் தம் சம்பளத்தில் இரண்டு பிரதி வாங்கி வருவார். திங்கட்கிழமை அந்நூல் அலுமாரிக்குட் செல்வதில்லை. ஒன்பதாந் தர வகுப்புக்குள் நுழைந்து, அதில் இரண்டு பக்கம் உரத்து வாசிப்பார். கதை திரும்புமிடத்தில் நிறுத்திவிடுவார். இடைவேளை மணி அடிக்குமுன் நூல் ஒரு மாணவனின் பையிலே இருக்கும். வாசித்தவர் தம் கருத்தை எழுத ஒரு சாதாரணக் கொப்பி உண்டு. பிடிக்கவில்லை என்று எழுதவும் அதில் உரிமை உண்டு. ஏன் பிடிக்கவில்லை என்பதை மட்டும் ஒரு வரியிற் கூறவேண்டும்.

ஒருமுறை எழுத்தாளர் ஒருவரை அவர் அழைத்து வந்தார். மேடையில்லை, மாலையில்லை. முப்பது மாணவர் அவருடைய ஒரு சிறுகதையை முன்கூட்டியே வாசித்திருந்தனர். அக்கதையில் வரும் தாய் கடைசியில் ஏன் ஒன்றும் பேசவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். எழுத்தாளர் நெடுநேரம் யோசித்துவிட்டு, அவளுக்குப் பேச்சுக் கொடுக்க எனக்கு அன்று தைரியம் இருக்கவில்லை, என்றார். எந்த வினாத்தாளிலும் அக்கேள்விக்குப் புள்ளியில்லை. ஆனால் இலக்கியம் என்பது ஒரு மனிதன் தெரிவு செய்து ஆக்கும் பொருள், வேறுவிதமாகவும் ஆக்கப்படலாம் என்பதை அந்த முப்பது பேரும் அன்று அறிந்தனர். சமுதாயமும் அவ்வாறே மனிதர் ஆக்கியது, வேறுவிதமாகவும் ஆக்கப்படலாம் என்னும் அறிவுக்கு அது முதற்படி.

ஆண்டிறுதியிற் பொருட்கணக்கெடுப்பு வந்தது. பதினொரு நூல்கள் குறைந்தன. விளக்கம் எழுத்திலே கோரப்பட்டது. பெறுமதியை அவரிடம் அறவிடுவது பற்றிப் பேசப்பட்டது. பதினொரு நூல்கள் எங்கே என்று கேட்டவர்கள், அவ்வாண்டிலே அசையாது நின்ற பல நூறு நூல்களைப் பற்றி ஒரு கேள்வியுங் கேட்கவில்லை. குறைந்தவற்றுள் மூன்று பின்னர்த் திரும்பி வந்தன. அவற்றுள் ஒன்றை மாணவி ஒருத்தியின் தாயார் வாசித்துக்கொண்டிருந்தாராம். பதிவேட்டின் மொழியில் அது தொலைந்த நூல். வாழ்க்கையின் மொழியில் அந்த நூலகத்திலேயே மிகுந்த பயன் தந்த நூல் அதுதான்.

இத்தகைய ஆசிரியர் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுக்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

நூல்கள் தொலைகின்றன என்பது முதலாவது. ஆம், தொலையும். கிழியும், மழையில் நனையும், எண்ணெய்க் கறை படியும். ஐரோப்பிய மடாலயங்களில் ஒருகாலத்தில் நூல்களைத் தொலையவிடாது சங்கிலியாற் பிணைத்து வைத்தனர். அம்மனப்பான்மையைத் தகர்ப்பதற்கே சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இலே தம் ஐந்து நூலக விதிகளை வகுத்தார். நூல் பயன்படுத்தப்படுவதற்காகவே உள்ளது என்னும் கருத்தை அவற்றுள் முதலாவதாக வைத்தார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனைச் சென்றடையச் செய்வதும் அவ்விதிகளுள் ஒன்று. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் அமைப்புக்கு ஆலோசனை கூறியவரும் இதே இரங்கநாதன்தான். அவர் பெயரைச் சொற்பொழிவுகளிற் போற்றுகின்றோம். அவர் அறுத்த சங்கிலியைப் பூட்டாக மாற்றிப் பாடசாலையில் மாட்டுகின்றோம். இழப்புக்களை முறைப்படி பதிவழிப்பதற்கு அரசாங்கத்தின் நிதிப் பிரமாணங்களிலேயே வழி உண்டு. வெண்கட்டி கரைகின்றது, அதற்கு எவரும் விளக்கங் கோருவதில்லை. விளையாட்டறையிற் பந்து வெடிக்கின்றது, விளையாட்டாசிரியரின் சம்பளத்தில் எவரும் கைவைப்பதில்லை. நூல் மட்டும் ஏன் தேயாத பொருளாக இருக்கவேண்டும்?

பரீட்சைப் பெறுபேறு பாதிக்கப்படும் என்பது இரண்டாவது. வாசிக்கும் மாணவரே நன்கு எழுதுகின்றனர் என்று கூறி இவ்வாதத்தை எளிதில் மடக்கலாம். அவ்விடையோடு நிற்க நான் விரும்பவில்லை. பெறுபேறு என்னும் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் வர்க்க உண்மையைப் பார்த்தல் வேண்டும். 1945ஆம் ஆண்டு கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலையின் வாயில் ஏழைக்கும் திறந்தது. இன்று அதே பாடசாலைப் பிள்ளைகள் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் காசு கொடுத்துப் படிக்கின்றனர். புலமைப்பரிசிற் பரீட்சையிலே தொடங்கி உயர்தரம் வரை ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டணம் உண்டு. பாடசாலை வளவுக்குள்ளே கட்டணமும் இல்லாத, பரீட்சையும் இல்லாத ஓரிடம் எஞ்சியிருக்குமாயின் அது நூலகமே. வைத்தியரின் பிள்ளைக்கு வீட்டிலே நூல் தட்டு உண்டு. கடற்றொழிலாளியின் பிள்ளைக்கும் தேயிலைக் கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கும் இந்த அலுமாரி ஒன்றுதான். ஆகவே அலுமாரியிலே தொங்கும் பூட்டு எல்லாப் பிள்ளைகளையும் சமமாகத் தடுப்பதில்லை.

எமது கல்வி வரலாற்றிலே இத்தகைய தடை புதியதன்று. 1930ஆம் ஆண்டளவிலே, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வாங்கிலே சம ஆசனம் கொடுக்க வேண்டுமெனப் பணிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்து உயர்சாதியினர் எவ்வாறு கொதித்தெழுந்தனர் என்பதையும், சில பாடசாலைகள் தீக்கிரையாகின என்பதையும் நாம் அறிவோம். அன்று வாங்கு மறுக்கப்பட்டது. இன்று வாங்கு உண்டு. வாங்கிலிருந்து எழுந்து சென்று விரும்பிய நூலைக் கையிலெடுக்கும் உரிமை இல்லை.

தகாத நூல்களைப் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போவர் என்பது மூன்றாவது. 1960களின் தொடக்கத்தில் எமது எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சு வழக்கைக் கதையிலே கையாண்டபோது, அதனை இழிசனர் வழக்கென்று பண்டிதர் சிலர் தூற்றினர். அன்று தகாதெனப்பட்ட எழுத்து இன்று பல்கலைக்கழகத்திலே பாடமாக இருக்கின்றது. தகுதி என்னும் சொல்லை யார், எவருடைய நலனுக்காகப் பயன்படுத்துகின்றனர் என்று கேட்பதற்கு இந்த ஓர் அனுபவமே போதும். வயதுக்கேற்பத் தெரிதல் வேண்டாம் என்று நான் கூறவில்லை. தெரிவதற்கு முதலில் வாசித்திருக்க வேண்டும். நூலை வாசித்து, அதன் ஆசிரியரோடு பேசி, எந்த மாணவனுக்கு எது பொருந்துமென அறிந்து கொடுப்பவரைவிடச் சிறந்த காவலர் வேறு யார்? ஒருவரியும் வாசியாது அட்டையைப் பார்த்துத் தடைவிதிப்பவருக்கு அவ்வேலை தெரியாது.

கைத்தொலைபேசி வந்தபின் எவரும் வாசிப்பதில்லை என்பது நான்காவது. இது சோம்பேறிகளின் புகலிடம். 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது அதே தொலைபேசியைப் பிள்ளைகளின் கையிலே கொடுத்தவர்கள் நாம்தான். அதன் வழியே எதனை வாசிக்கலாம் என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம். ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணி இலவசமாக வழங்கும் ‘நூலகம்’ என்னும் முயற்சி தன்னார்வலரால் 2005இல் தொடங்கப்பெற்றது. 1981இன் சாம்பருக்கு எம்மவர் கொடுத்த மிகச் சிறந்த விடைகளுள் அது ஒன்று. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே கடதாசியின்றி மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. நூல்களின் விலையும் ஏழைகளின் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏறியது. இத்தகைய காலத்திலே தொலைபேசியைச் சபிப்பதைக் காட்டிலும், அதிலே திறக்கத்தக்க ஒரு நல்ல நூலைக் காட்டுவதே ஆசிரியரின் வேலை.

இனி எழுத்தாளரைச் சந்தித்தல் என்பதை நோக்குவோம். எமது பாடசாலைகளுக்கு எழுத்தாளர் வருவதேயில்லை என்று கூறமுடியாது. பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வருகின்றனர். பொன்னாடை போர்த்தப்படுகின்றது, அவர் ஒழுக்கத்தைப் பற்றி முக்கால் மணிநேரம் பேசுகின்றார், வெயிலிலே வரிசையாக இருக்கும் மாணவர் கைதட்டுகின்றனர். அவர் எழுதிய ஒரு வரியையேனும் அங்குள்ள எவரும் வாசித்திருப்பதில்லை. இதற்குப் பெயர் சந்திப்பன்று. பாடநூலிலோ எழுத்தாளர் பிறந்த ஆண்டு, இயற்றிய நூல்கள், பெற்ற பட்டங்கள் என்னும் குறிப்பாகச் சுருங்கிவிட்டார். எழுத்தாளர் என்றால் இறந்துபோன பெரியவர் என்றே பல மாணவர் எண்ணுகின்றனர். தங்கள் ஊர்ச் சந்தையிலே மீன் வாங்கும் ஒருவர் எழுத்தாளராக இருக்கலாம் என்பது அவர்களுக்கு வியப்பான செய்தி.

எமது மரபு இவ்வாறு இருந்ததில்லை. மலையகத்திலே மீனாட்சியம்மாள் நடேசய்யர் தொழிலாளரின் துயரைப் பாட்டாக்கி, அச்சிட்டு, அவர்கள் நடுவிற் சென்று தாமே பாடினார். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரானவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கிப் பல்லாண்டுகள் அவ்விதழைத் தம் கையிற் சுமந்து வீதிவீதியாக விற்றார். வாசகனைத் தேடி எழுத்தாளன் நடப்பது அவமானமன்று என்பதை அவர் தம் கால்களால் நிறுவினார். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரத்து நூலகர் மார்கரட் எட்வர்ட்ஸ், 1940களின் போர்க்காலத்திலே எரிபொருட் கட்டுப்பாடு நிலவியபோது, குதிரை வண்டியொன்றில் நூல்களை ஏற்றி ஏழைகள் வாழும் தெருக்களுக்குக் கொண்டு சென்றார். முதலாளித்துவ நாட்டிலேயே ஒரு நூலகர் அவ்வாறு நடந்திருக்க, மக்கள் இலக்கியம் பேசும் நாம் அலுமாரிக்கு முன்னால் நின்று என்ன செய்கின்றோம்?

இவ்விடத்தில் எம்மணியினரை நோக்கியும் சில சொற் சொல்லவேண்டும். இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இலே தோன்றியது. மண்வாசனை, தேசிய இலக்கியம், மக்களுக்கான இலக்கியம் என்னும் கொள்கைகளை முன்வைத்து அது நடத்திய போராட்டங்கள் எமது பெருமை. எனினும் மக்கள் என்று நாம் கூறியபோது எம் மனக்கண்ணிலே நின்றவர் வளர்ந்தவரே. பதினான்கு வயதுப் பிள்ளை மக்களுள் அடங்காதா? அவனுக்கென எழுதுவது ‘சிறுவர் இலக்கியம்’ என்னும் சிறு படியென்றும், நாவல் எழுதுவதே பெரும் படியென்றும் எண்ணுவது பண்டிதரின் தரவரிசையை வேறு உடையில் அணிவதேயாகும்.

எமது நூல் வெளியீட்டு விழாக்களையும் சற்றே நோக்குங்கள். வரவேற்புரை, வெளியீட்டுரை, நயப்புரை, ஆய்வுரை, ஏற்புரை என ஐந்து உரைகள். முதற்பிரதியை ஒரு வர்த்தகர் பெறுகின்றார். சிறப்புப் பிரதிகளை வேறு பிரமுகர் பெறுகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் அதனை விரிப்பதில்லை. விழாவுக்கு வந்த பிள்ளைகள் மொழிவாழ்த்துப் பாடியதும் அனுப்பப்படுகின்றனர். எஞ்சிய பிரதிகள் எழுத்தாளரின் கட்டிலின் கீழே அடுக்கப்படுகின்றன. வாசகர் இல்லையென்று பின்னர் அவர் கட்டுரை எழுதுகின்றார். வாசகர் உண்டு, அவர்கள் வெள்ளைச் சீருடை அணிந்து அடுத்த வீதியிலே நடந்து செல்கின்றனர்.

கொடுப்பதற்கு நூல் இல்லை என்று எவரும் கூறவேண்டாம். செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ எந்த மாணவனையும் சிரிக்க வைக்கும். ஜீவாவின் தன்வரலாறான ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ சாதியின் கொடுமையைத் தன் வயதிலே உணரத் தொடங்கும் பிள்ளைக்கு உற்ற துணை. சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ மலையக மாணவரின் பாட்டன் பாட்டியின் கதை. கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ தமிழில் உண்டு. அரைகுறைக் கல்வியோடு ஒரு குதிரைக் கொட்டிலைப் பாடசாலையாக்கிய இளைஞனின் கதையை ஆசிரியர்களும் மாணவரும் சேர்ந்தே வாசிக்கலாம். யப்பானிய எழுத்தாளர் தெத்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்’ தமிழில் உண்டு. இவை போதுமென்று நான் கூறவில்லை, தொடங்குவதற்குப் போதும்.

கட்டடம் இல்லை என்ற சாட்டும் முன்போல் வலுவுடையதன்று. உலக வங்கியின் கடனுதவியோடு நாடெங்கும் பாடசாலை நூலகங்கள் பல கட்டப்பெற்றன. நூலகப் பொறுப்பாசிரியரைப் பயிற்றுவதற்கெனக் கொழும்புப் பல்கலைக்கழகத்திலே தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம் 1999இல் நிறுவப்பட்டது. கடனை மக்கள் திருப்பிச் செலுத்துகின்றனர். கதவு மக்களின் பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. இன்னும் எத்தனையோ தோட்டப் பாடசாலைகளில் அந்தக் கட்டடமும் இல்லை; ஓர் இரும்பு அலுமாரியே நூலகம். அங்கே பூட்டைத் திறப்பது இன்னும் அவசரமானது.

ஆகவே எமது கோரிக்கைகள் இவை. நூற்றுக்கு இத்தனை நூல் பயன்பாட்டால் ஆண்டுதோறும் குறையலாம் என ஓர் அளவு வகுக்கப்பட்டு, அவ்வெல்லைக்குள் நூலகப் பொறுப்பாசிரியர் எவரிடமும் விளக்கமோ பணமோ கோரப்படாதிருத்தல் வேண்டும். கணக்காய்வு செய்வோர் தொலைந்த நூல்களை எண்ணுமுன் இரவல் சென்ற நூல்களை எண்ணவேண்டும். நேரசூசியிலே நூலகப் பாடவேளையைக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன் கொடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தவணைக்கு ஓர் எழுத்தாளர் பாடசாலைக்கு வரவேண்டும். மாலையின்றி, பஸ் கட்டணத்தோடு, மாணவர் முன்கூட்டியே வாசித்த ஒரு படைப்போடு வரவேண்டும். தமிழ் எழுத்தாளர் மட்டுமன்றிச் சிங்கள எழுத்தாளரும் முஸ்லிம் எழுத்தாளரும் வரவேண்டும். நூல் வெளியிடும் ஒவ்வொரு முற்போக்கு எழுத்தாளரும் முதற்பிரதியை அருகிலுள்ள வசதி குறைந்த பாடசாலையின் மாணவர் ஒருவர் கையிலே கொடுக்கட்டும். வர்த்தகர் இரண்டாம் பிரதியை வாங்கினால் அவர் மதிப்புக் குன்றிவிடாது.

இவற்றுட் சிலவற்றுக்குச் சுற்றுநிருபம் வேண்டும். அதற்காக ஆசிரியர் சங்கங்கள் போராடவேண்டும். சம்பளத்துக்காகப் போராடத் தெரிந்த சங்கங்களுக்கு ஒரு சக ஆசிரியையிடம் பதினொரு நூல்களின் விலை கேட்கப்படும்போது குரல் எழுப்பவும் தெரியவேண்டும். ஏனையவற்றுக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தவணை தொடங்கும் நாளிலே திறப்பைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுப்பாராயின் மறுப்பை எழுத்திலே தரும்படி கேளுங்கள். கிடைத்ததும் அலுமாரியைத் திறந்து, ஒரு நூலை எடுத்து, வகுப்பறைக்குச் சென்று இரண்டு பக்கம் வாசியுங்கள். மூன்றாம் பக்கத்தை வாசிக்க ஒரு பிள்ளை கைநீட்டுவான். அவன் பெயரை எழுதிக்கொண்டு நூலைக் கொடுத்துவிடுங்கள்.